கால்பின்னர்

பதினொன்று நாற்பதுக்கு வரும் சென்னைப் பேருந்து பாடாலூரில் நிற்காது. சாலைத் தடுப்புகளுக்காக வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். சன்னல்களிலிருந்து கைகள் நீளும். காசு முதலில் வந்து விழும். அவித்த மக்காச்சோளக் கதிரைத் தாளில் சுற்றி நான் எறிவேன். பேருந்து நகர்ந்துகொண்டிருக்கும். கை இருக்கும் இடத்துக்கு எறிந்தால் கதிர் தார் ரோட்டில் விழும். கை வரப்போகும் இடத்துக்கு எறிய வேண்டும்.

அன்று டீக்கடையில் நின்றிருந்த ஒருவர் மூன்று பேருந்துகள் போகும்வரை என்னையே பார்த்தார். பிறகு சாலையைக் கடந்து வந்தார்.

"தம்பி, இதுக்கு அமெரிக்காவுல கோடிக்கணக்குல குடுக்கறாங்க."

"சோளத்துக்குங்களா?"

"எறியறதுக்கு."

என் மனைவி பூவிழி அண்டாவிலிருந்து தலையைத் தூக்கினாள். "அப்ப அங்கயே போயி எறியட்டும். ஏத்தி வுடுங்க."

அவர் புலவர் முத்தமிழ்செல்வன். ஓய்வுபெற்ற தமிழாசிரியர். அமெரிக்காவில் மகன் வீட்டில் ஆறு மாதம் இருந்தவர். குளிருக்குப் பயந்து வெளியே போகாமல் தொலைக்காட்சியில் ஓர் ஆட்டத்தைப் பார்த்திருக்கிறார். தலைக்கவசம் போட்டவர்கள் முட்டிக்கொள்கிறார்கள். பின்னால் நிற்கும் ஒருவன், ஓடுகிறவனின் கைக்குப் பந்தை எறிகிறான். அவன்தான் எல்லாம். அவனுக்குப் பெயர் குவார்ட்டர்பேக்.

"குவார்ட்டரா?" என்றாள் பூவிழி. "எங்கப்பன் அதுலதான் போனாரு. இவரு வேணாங்க."

"அது வேற குவார்ட்டரும்மா."

"ஆரம்பத்துல எல்லாரும் அப்பிடித்தான் சொல்றாங்க."

நான் போனேன். எறிவதற்கு ஒருவர் கூப்பிடுவது அதுவே முதல் தடவை.

ஒருங்கிணைந்த பெரம்பலூர்–அரியலூர் மாவட்ட அமெரிக்கக் கால்பந்துக் கழகம் என்பது முழுப்பெயர். மாவட்டம் இரண்டாகப் பிரிந்து வெகுகாலமாகிறது. கழகம் பிறந்ததே அதற்குப் பிறகுதான். இருந்தாலும் பிரிவு குறித்துக் கழகத்துக்கு முறைப்படி கடிதம் வரவில்லை என்றார் தலைவர் சின்னதுரை. குன்னத்தில் கல்யாண மண்டபம் வைத்திருப்பவர். பதினொரு விளையாட்டுக் கழகங்களுக்குத் தலைவர். மானாவாரி பூமியில் படகோட்டும் கழகத்துக்கும் அவரே தலைவர்.

தொடக்க விழாவில் அவர் பேசினார்.

"இந்த விளையாட்டை நான் பார்த்ததில்லை. பார்க்காமலே ஒரு விளையாட்டுக்குத் தலைவராக இருப்பது எளிதன்று. பார்த்தவர்களுக்கு ஒரு சார்பு வந்துவிடும். எனக்கு அது இல்லை. பதினொரு விளையாட்டுகளிலும் நான் எதையும் பார்த்ததில்லை. நடுநிலை என்றால் அதுதான்."

கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

இரண்டு அணிகள் அமைந்தன. அமெரிக்காவில் அணிகளுக்கு மிருகங்களின் பெயரை வைப்பார்களாம். நாங்கள் மண்ணில் கிடைப்பதை வைத்தோம். அவர்கள் அரியலூர்ப் புதைபடிவங்கள். நாங்கள் பெரம்பலூர் வெங்காயங்கள். தலைக்கவசங்கள் பதினொன்றுதான் இருந்தன. மோட்டார் சைக்கிள் தலைக்கவசத்தில் கம்பி பற்றவைத்தவை. பந்து கைமாறும்போதெல்லாம் கவசமும் கைமாறும். வியர்வையோடு வாங்கி வியர்வையோடு கொடுப்போம். கவசம் இல்லாத அணியை முட்டக் கூடாது என்று விதி. அதனால் ஒரு பக்கம் மட்டுமே முட்டியது.

வேறு அணி இல்லாததால் முதல் ஆட்டமே இறுதிப் போட்டி. வருடத்துக்கு ஒன்று. என் தொழில்வாழ்க்கை மொத்தம் ஐந்து ஆட்டங்கள். ஐந்தும் இறுதிப் போட்டிகள்.

தொழில்வாழ்க்கை என்று நானாகச் சொல்லவில்லை. "இனிமே நீ புரொபஷனல்," என்றார் புலவர். "அமெச்சூர்னா பனியன் உன்னுது. புரொபஷனல்னா பனியன் கழகத்துது. ஆட்டம் முடிஞ்சதும் துவைச்சுக் குடுத்துடணும்."

நான்காவது வருடம் அரசு அங்கீகாரம் வந்தது. அதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. கலைச்சொற்கள் எல்லாம் தமிழில் இருக்க வேண்டும். சின்னதுரையின் மண்டபத்தில் சொல்லாக்கக் குழு மூன்று நாள் கூடியது. கல்யாணம் இல்லாத மூன்று நாட்கள். ஆட்டக்காரர்கள் சார்பில் நான் உட்கார வைக்கப்பட்டேன்.

டச்டவுன், தொட்டிறக்கம் ஆனது. ரிசீவர், பெறுநர் ஆனார். வைட் ரிசீவர், அகன்ற பெறுநர். எங்கள் அகன்ற பெறுநர் மிகவும் ஒல்லியானவன். அவனை மாற்றுவதா சொல்லை மாற்றுவதா என்று அரை நாள் பேசினார்கள். அவனை மாற்றினார்கள்.

மூன்றாம் நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என் முறை வந்தது.

"குவார்ட்டர்னா?" என்று புலவர் கேட்டார்.

"கால்," என்றது குழு.

"பேக்?"

"பின்."

"கால்பின். 'அர்' விகுதி சேர்த்தா கால்பின்னர். மரியாதையாவும் இருக்கு."

நான் கையைத் தூக்கினேன். "ஐயா, புடிக்கிறவரு பெறுநர்னா, எறியற நான் அனுப்புநர்ங்களா?"

குழு சிரித்தது. புலவர் சிரிக்கவில்லை. "தம்பி, இது தபாலாபீஸ் இல்ல."

நான் கையை இறக்கிவிட்டேன். இன்னொரு முறை தூக்கியிருக்கலாம். தூக்கியிருந்தால் குரும்பலூர் சிவரஞ்சனி இன்று என் நாற்காலியில் இருந்திருக்கலாம்.

அவளை எனக்கு அப்போது தெரியாது.

ஒருங்கிணைந்த தானியக் கிடங்கு வாரியம் பதிவறை எழுத்தர் வேலைக்கு ஆள் எடுத்தது. விளையாட்டு ஒதுக்கீடு உண்டு என்று கேள்விப்பட்டேன். போட்டுப் பார் என்று பூவிழியும் சொன்னாள். சாலைத் தடுப்புகளை எடுக்கப்போவதாகப் பேச்சு இருந்தது. எடுத்துவிட்டால் பேருந்துகள் வேகம் குறைக்காது. எவ்வளவு குறிபார்த்தாலும் அந்த வேகத்துக்கு என்னால் எறிய முடியாது.

புலவர் சான்றிதழ் எழுதித் தந்தார். கையெழுத்துக்கு மேல் சொல்லாக்கக் குழுவின் வட்ட முத்திரை, கீழே கழகத்தின் சதுர முத்திரை.

வாரிய அலுவலகத்தில் கண்காணிப்பாளர் சிங்காரவேலு அதை வாங்கி உரக்கப் படித்தார்.

"'மேற்படி அரியமுத்து என்பார் கடந்த நான்கு ஆண்டுகளாகத் தொடர்ந்து கால்பின்னராக இருந்து வருகிறார். இவரது இந்நிலை நிரந்தரமானது. இதில் மாற்றம் எதிர்பார்க்கப்படவில்லை.'"

கண்ணாடியை இறக்கி என் கால்களைப் பார்த்தார். "நாலு வருஷமா? பாவம்பா. உக்காரு."

"பரவால்லீங்க."

"சொன்னா கேளு, உக்காரு."

உட்கார்ந்தேன். என் விண்ணப்பத்தை ஒரு காகிதக் கட்டிலிருந்து எடுத்து வேறொரு கட்டில் வைத்தார். முதல் கட்டு என் இடுப்பு உயரம் இருந்தது. இரண்டாவது கட்டு விரல் தடிமன்கூட இல்லை.

"சார், நான் ஆடறவன்ங்க."

"கால் பின்னுனா ஆட்டம் இருக்கத்தானப்பா செய்யும்."

"அது இல்லீங்க சார். வெளையாட்டு ஒதுக்கீடு."

அவர் இடுப்பு உயரக் கட்டைக் காட்டினார். "இது வெளையாட்டு. கேரம் போர்டே இருநூறு பேரு. எடம் எல்லாம் பேசி முடிஞ்சுது." பிறகு விரல் தடிமன் கட்டைக் காட்டினார். "இது மாற்றுத்திறனாளி, கால். ஒரே எடம். மொத்தம் நாலு பேரு. எதுல வைக்கட்டும்?"

என்னிடம் கேட்டார். அதை மறைக்க நான் விரும்பவில்லை. என்னிடம் கேட்டார், நான் பதில் சொல்லவில்லை. சுவரில் ஓடிக்கொண்டிருந்த பல்லியைப் பார்த்தேன். அவர் என் விண்ணப்பத்தோடு அந்தச் சின்னக் கட்டை நாடாவால் கட்டினார்.

வீட்டுக்கு வந்து பூவிழியிடம் சொன்னேன்.

"நீயா சொன்ன, கால் சரியில்லன்னு?"

"இல்ல."

"அவங்களா எழுதிக்கிட்டாங்க?"

"ஆமா."

"அப்பறம் என்ன? வாயத் தொறக்காம இரு. தொறக்காத வாயில பொய் எப்பிடி வரும்?"

அவள் சொன்னது சரியாகத்தான் பட்டது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பசி இல்லை என்று சொன்னேன். அது பொய்.

மருத்துவ வாரியத்துக்கு நான்கு பேரையும் அழைத்திருந்தார்கள். இரண்டு பேர் வரவில்லை. சக்கர நாற்காலியை இரண்டாம் மாடிக்கு ஏற்ற வழி இல்லாததால் அவர்கள் வருகை தராதவர்களாகக் குறிக்கப்பட்டார்கள்.

நடைகூடத்தில் ஒரே ஒரு நாற்காலி இருந்தது. அதில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இருபத்து நாலு, இருபத்தைந்து வயது இருக்கும். என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

"உக்காருங்கண்ணே. ரொம்ப வலிக்குதா?"

"இல்லம்மா. நீ உக்காரு."

"நான் நிப்பேண்ணே. இது இரும்பு." சுடிதாரை லேசாக உயர்த்தி இடது காலைக் காட்டினாள். முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். "சுண்ணாம்புக்கல் லாரி. காலேஜுக்குப் போயிக்கிட்டிருந்தேன். உங்களுக்கு எப்பிடி ஆச்சு?"

"அது... ஒரு பேருல வந்துச்சு."

பரம்பரை நோயின் பெயர் என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. மேலே கேட்கவில்லை. சிவரஞ்சனி என்றாள். குரும்பலூர். அப்பா இல்லை. மொட்டை மாடியில் எட்டு மாதம் நடந்து பழகியதாகச் சொன்னாள். தலையில் தண்ணீர்ச் செம்பை வைத்துக்கொண்டு நடப்பாளாம். தண்ணீர் சிந்தாத நாளில் கீழே இறங்கி, கடைத்தெருவுக்குத் தனியாகப் போனாளாம். "யாருமே திரும்பிப் பாக்கலண்ணே," என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

அவளை முதலில் கூப்பிட்டார்கள். கதவு பாதி திறந்திருந்தது.

"நடந்து காட்டும்மா."

நடந்தாள்.

"திரும்பி நட."

நடந்தாள்.

"நல்லா நடக்கறியே," என்றார் பெரிய டாக்டர்.

"நன்றிங்க சார்."

"அதான் பிரச்சனை. கால் இல்ல, ஒத்துக்கறோம். ஆனா போர்டு கணக்கெடுக்கறது காலை இல்ல, நடையை. இவ்வளவு நல்லா நடந்தா நாங்க எப்படி எழுதறது?"

"காலக் கழட்டிட்டு நடக்கட்டுமா சார்?"

"கழட்டினா உன்னால நடக்கவே முடியாது. நடக்க முடியாதவங்க படிவம் வேற. அது இந்த அறையில இல்ல."

அவள் வெளியே வந்தாள். கையில் சீட்டு இருந்தது. நாற்பது சதவீதம் வேண்டும். முப்பத்தெட்டு போட்டிருந்தார்கள்.

"ரெண்டு சதவீதம் நல்லா நடந்துட்டேண்ணே," என்று சிரித்தாள்.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். அதற்கு இரண்டு வாரம் முன்புதான் நான்காவது இறுதிப் போட்டி நடந்தது. ஒரு புதைபடிவம் என் முழங்கால்மேல் விழுந்திருந்தது. வீக்கம் வடிந்து நான்கு நாளாகியிருந்தது. வலி துளியும் இல்லை.

"நடந்து காட்டுங்க."

நொண்டினேன்.

யாரும் என்னை நொண்டச் சொல்லவில்லை. இதைப் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். கழகம் சொல்லவில்லை. வாரியம் சொல்லவில்லை. பூவிழிகூட வாயைத்தான் மூடச் சொன்னாள்.

பெரிய டாக்டர் சான்றிதழைப் புரட்டினார். "கால்பின். இது என்னய்யா, நான் படிச்சதுல இல்லயே?"

சின்ன டாக்டர் எட்டிப் பார்த்தார். "சொல்லாக்கக் குழு முத்திரை இருக்கு சார். எல்லாத்துக்கும் பேரு மாத்திட்டாங்க."

"இங்கிலீஷ்ல என்ன?"

"கேக்கலாம் சார். ஆனா தமிழ் தெரியலன்னு மேல எழுதிப் போட்டுடுவாங்க."

பெரிய டாக்டர் கேட்கவில்லை. "எந்தக் கால்?"

எதை இழுத்தோம் என்று எனக்கு மறந்துவிட்டது. விழித்தேன்.

சின்ன டாக்டர்தான் கைகொடுத்தார். "கால்பின்னர்னு இருக்கு சார். அர் விகுதி. பன்மை. ரெண்டு காலும்."

"சரி. எவ்வளவு போடறது?"

"கால்னா இருபத்தஞ்சு. ரெண்டுக்கு அம்பது."

ஐம்பது போட்டார்கள். வெளியே வந்தபோது சிவரஞ்சனி படிக்கட்டில் காத்திருந்தாள். நான் இறங்கக் கைகொடுத்தாள். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு இரண்டு மாடி இறங்கினேன்.

வேலை கிடைத்தது. நாற்காலி, மேசை, தலைக்கு மேல் மின்விசிறி. மனுக்களுக்கு எண் போட்டுக் கட்டுவது என் பணி. பேருந்து நிறுத்தத்திலிருந்து அலுவலகம் வரை நொண்டுவேன். சாயங்காலம் நிறுத்தம் வரை நொண்டுவேன். வலது செருப்பு மட்டும் தேய்ந்தது. எது இழுக்கும் கால் என்பதை அதை வைத்துத்தான் நினைவில் வைத்திருந்தேன்.

"வூட்டுக்குள்ளயாச்சும் நேரா நடயேன்," என்றாள் பூவிழி.

"பழக்கம் வுட்டுப்போயிடும்."

அதற்குப் பிறகு அவள் என் நடையைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள்.

முதல் மாதமே அந்த மனு என் மேசைக்கு வந்தது. 'எனக்கு நடை நன்றாக இருப்பதாகக் கூறி இரண்டு சதவீதம் குறைக்கப்பட்டுள்ளது. மறு ஆய்வு செய்ய வேண்டுகிறேன்.' சிவரஞ்சனியின் கையெழுத்து உருண்டையாக இருந்தது. எண் போட்டேன். கட்டினேன். பதிவறையின் வேலை அதுதான். மனு உள்ளே வரும், எண் பெறும், அலமாரிக்குப் போகும். வெளியே போவதற்கு வேறு பிரிவு. அந்தப் பிரிவுக்கு இன்னும் ஆள் போடவில்லை.

மாதத்தின் முதல் திங்கட்கிழமை அவள் வருவாள்.

"நகந்துச்சாண்ணே?"

"இன்னும் இல்லம்மா."

"பரவால்லண்ணே. உங்களுக்காவது கெடச்சுதே. யாரோ தெரியாதவங்களுக்குப் போயிருந்தா வயிறு எரியும்."

ஒருமுறை மூட்டு வலிக்கு என்று ஒரு தைலம் கொண்டுவந்து கொடுத்தாள். அதை என்ன செய்வது என்று தெரியவில்லை. முழங்காலில் தேய்த்தேன். எரிந்தது.

ஏழாம் மாதம் கழகத்திலிருந்து புலவர் அலுவலகத்துக்கே வந்தார். ஐந்தாவது இறுதிப் போட்டி.

"ஐயா, நான் இப்ப கால் கோட்டாவுல இருக்கேங்க. ஆடக் கூடாது."

"தெரியும் தம்பி. தலைவருக்குச் சொல்லிட்டேன். அவருக்கு ஒரே பெருமை. உலகத்துலயே கால் ஊனமான கால்பின்னர் நம்மகிட்டதான் இருக்காரு."

"எனக்கு ஊனம் இல்லீங்களே. சொல்ல உண்டாக்குனது நீங்கதான்."

"சொல் பிறந்துட்டா ஆசிரியனுக்கு அதுமேல உரிமை கெடையாது," என்றார்.

பெரம்பலூர்த் திடலில் மேடை போட்டிருந்தார்கள். வாரியத்தின் சார்பில் சிங்காரவேலு மேடையில் இருந்தார். எனக்குப் பரிசாக ஒரு மூன்று சக்கர ஸ்கூட்டர். அதில் மாலை போட்டிருந்தது. திடலின் கயிற்றுக்கு அப்பால், கூட்டத்தின் முன்வரிசையில் சிவரஞ்சனி. மேடையில் இருக்கும் யாரிடமாவது மனுவைக் கொடுக்க வந்திருந்தாள். என்னைப் பார்த்துக் கையசைத்தாள்.

சின்னதுரை பேசினார். "மற்ற நாடுகளில் காலுள்ளவர்களைத் தேடி எடுக்கிறார்கள். அது சமூகநீதி ஆகாது. நாங்கள் கால் இல்லாதவரைத் தேடினோம். கிடைக்கவில்லை. இருந்தவரை ஆக்கினோம். இதை அடக்கத்தோடு சொல்கிறேன்."

மேடையில் என்னை ஸ்கூட்டரில் உட்காரவைத்துப் படம் எடுத்தார்கள். சிவரஞ்சனி கை தட்டினாள். மனு கையிடுக்கில் இருந்ததால் மெதுவாகத் தட்டினாள்.

ஆட்டம் தொடங்கியது. கால்பின்னர் ஓடக் கூடாது, நின்ற இடத்திலிருந்து எறிந்தால் போதும் என்று உத்தரவு. நான் நொண்டி வந்து, நொண்டி நின்று எறிந்தேன். அகன்ற பெறுநர் இரண்டு முறை பிடித்தார். மூன்றாம் முறை மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். பந்து என் கையில் இருந்தது. எறிந்தால் பிடிக்க ஆள் இல்லை. புதைபடிவங்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

கயிற்றுக்கு அப்பால் அவள் நின்றிருந்தாள். இப்போது ஓடினால் எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்று தோன்றியது. தெரிந்துவிட்டால் முடிந்துவிடும்.

ஓடினேன். ஏழு மாதம் ஓடாத கால்கள். இரண்டு பேரைத் தாண்டினேன். ஒருவனைத் தள்ளினேன். கோட்டைத் தொட்டுப் பந்தை இறக்கினேன். திரும்பி மேடையைப் பார்த்து நேராக, இரண்டு காலிலும் சமமாக நின்றேன்.

சிங்காரவேலு எழுந்து நின்றார். பிறகு கை தட்டினார். எல்லாரும் தட்டினார்கள்.

சின்னதுரை ஒலிவாங்கியைப் பிடித்தார். "மருத்துவம் கைவிட்ட காலை விளையாட்டு தூக்கி நிறுத்தியிருக்கிறது!"

சிங்காரவேலு அதை அவரிடமிருந்து வாங்கினார். "திருத்தம். வாரியப் பணியில் சேர்ந்த ஏழே மாதத்தில் இந்தக் கால்கள் குணமாகியுள்ளன. எங்கள் அலுவலகத்தில் யாரும் அதிகம் நடக்க வேண்டியதில்லை. ஓய்வே மருந்து."

புலவர் மூன்றாவதாக வந்தார். "இன்றுமுதல் இவர் கால்பின்னர் அல்லர். கால்முன்னர்!"

திங்கட்கிழமை நான் சிங்காரவேலுவின் அறைக்கு நேராக நடந்துபோனேன்.

"சார், எனக்குக் காலு எப்பவுமே நல்லாத்தான் இருந்துச்சு. போர்டுல பொய்யா நொண்டுனேன்."

"கதவச் சாத்து."

சாத்தினேன்.

"ஊனம்னு நீயா சொன்ன? கழகம் சொல்லுச்சு. போர்டு சொல்லுச்சு. வாரியம் ஏத்துக்கிட்டுச்சு. மூணு ஆபீசு சேந்து முடிவு பண்ணது. இப்ப நீ ஒருத்தன் வந்து இல்லங்கற. உன் கால் மேல உனக்கு என்னப்பா அதிகாரம் இருக்கு?"

"அப்ப ராஜினாமா பண்ணிடறேன் சார். அந்தப் பொண்ணு வரட்டும்."

"எந்தப் பொண்ணு?"

"முப்பத்தெட்டு சதவீதம்."

அவர் நெற்றியைத் தடவினார். முதல் தடவையாக மெதுவாகப் பேசினார். "நீ போனா எடம் காலி. காலியான எடத்த நெரப்பாம வச்சா அடுத்த வருஷம் ரத்து. நாப்பதுக்குக் கீழ உள்ளவங்களக் கூப்புட விதி கெடையாது. நீ போறதால அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் ஆவாது தம்பி. நாற்காலிதான் சும்மா கெடக்கும்."

அதைக் கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைப் பற்றிப் பூவிழியிடம்கூட நான் சொல்லவில்லை. சட்டைப்பையில் இருந்த ராஜினாமாக் கடிதத்தை எடுக்காமல் நாற்காலிக்குத் திரும்பினேன். அன்று நொண்டவில்லை. யாரும் கவனிக்கவில்லை.

ஒன்றே ஒன்று செய்தேன். அவளுடைய மனுவை அலமாரியிலிருந்து எடுத்தேன். வெளியே அனுப்பும் பிரிவில் ஆள் இல்லை. நானே உறையில் போட்டு, நானே முகவரி எழுதி, மருத்துவ வாரியத்துக்கு அனுப்பினேன். பெறுநர் என்ற இடத்தில் அவர்கள் பெயர். அனுப்புநர் என்ற இடத்தில் என் பெயரை எழுதக் கை வரவில்லை. பதிவறை என்று எழுதினேன்.

மூன்று வாரம் கழித்து சிவரஞ்சனி வந்தாள். முதல் திங்கட்கிழமை அல்ல, ஒரு செவ்வாய்க்கிழமை. கையில் மருத்துவ வாரியத்தின் கடிதம். மறு ஆய்வு, வியாழக்கிழமை.

நான் எழுந்தேன். அவள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிட நினைத்தேன்.

"அன்னிக்கு கிரவுண்டுல பாத்தியாம்மா?"

"பாத்தேண்ணே. நல்லா ஓடுனீங்க."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். பதிவறையின் கதவை அவளே சாத்தினாள். கதவிலிருந்து என் மேசை வரை நடந்து வந்தாள். செம்பு வைத்திருந்தால் ஒரு சொட்டுச் சிந்தியிருக்காது. மேசையைத் தொட்டதும் முகம் சுருங்கியது. மறுபடி கதவுக்குப் போனாள். மறுபடி வந்தாள். அதேபோல் நேராக.

"ஒரு வாரமா மாடியில பழகறேண்ணே. கோணலா வரவே மாட்டேங்குது," என்றாள். "நீங்க அன்னிக்குப் போர்டுல எந்தக் காலண்ணே மொதல்ல இழுத்தீங்க?"